உண்போனும் விற்போனும்: போதைப்பொருள் சட்டஏற்பு குறித்த ஓர் அறநோக்கு

முன்னுரை

போதைப்பொருள்களைச் சட்டம் தடைசெய்தல் வேண்டுமா, ஏற்றல் வேண்டுமா என்னும் வினா உலக நாடுகள் பலவற்றில் விவாதிக்கப்பட்டு வருகின்றது. ஏற்பை வேண்டுவோர், தடையானது குற்றக் குழுக்களை வளர்க்கின்றது என்றும், தன் உடல்மீது ஒருவனுக்குள்ள உரிமையைப் பறிக்கின்றது என்றும் கூறுவர். தடையை வேண்டுவோர், தடை நீங்கின் அடிமைநிலை பெருகும் என்றும், அடிமைப்பட்டவனுக்கு உரிமை என்பது பொருளற்ற சொல் என்றும் கூறுவர். இரு தரப்பிலும் உண்மை உண்டு. எனினும் இரு தரப்பினருமே போதைப்பொருளை உண்போனையும் அதனை விற்போனையும் ஒரே நிலையில் வைத்துப் பேசுகின்றனர். இவ்விருவரையும் பிரித்து நோக்கினால் இவ்வினாவிற்குத் தெளிவான விடை காண இயலும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இதற்கு வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரம் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுகின்றது.

இங்கு இரு சொற்களின் பொருளை வரையறுத்துக் கொள்ளுதல் தேவை. தன் நுகர்வுக்காகப் போதைப்பொருளை வைத்திருப்பவனைக் குற்றவாளியாகக் கருதாதிருத்தல் 'குற்றநீக்கம்' எனப்படும். அப்பொருளின் உற்பத்தியையும் விற்பனையையும் பிற வணிகங்களைப் போல அனுமதித்தல் 'வணிக ஏற்பு' எனப்படும். சட்டஏற்பு என்னும் பொதுச்சொல் இவ்விரண்டையும் தன்னுள் அடக்கி நிற்பதால் விவாதம் பலவேளைகளில் திசைமாறி விடுகின்றது.

கள்ளுண்ணாமை காட்டும் இரு நிலைகள்

சங்கப் பாடல்களில் கள், புரவலன் புலவனுக்கும் வீரனுக்கும் அளிக்கும் சிறப்புப் பொருளாக இடம்பெறுகின்றது. அதியமானை இழந்து ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலிலும் அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த பாங்கு நினைவுகூரப்படுகின்றது. இம்மரபிற்குப் பின்வந்த வள்ளுவர் கள்ளை முற்றிலும் மறுத்தார் என்பது அனைவரும் அறிந்ததே. அவர் மறுத்த முறையே இங்குக் கருதத்தக்கது.

கள்ளுண்ணாமை பொருட்பாலில், வரைவின் மகளிர், சூது ஆகிய அதிகாரங்களுக்கு இடையே வைக்கப்பட்டுள்ளது. சூதினை அடுத்து வருவது மருந்து. புலால் மறுத்தல், கள்ளாமை போன்றவை அறத்துப்பாலில் துறவறவியலில் இடம்பெற, கள்ளுண்ணாமை உலகியல் வாழ்வின் கேடுகளுள் ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளது. இவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஒன்றிலும் உண்பவனுக்கு அரசன் தரவேண்டிய தண்டனை கூறப்படவில்லை. பகைவர் அஞ்சார், சான்றோர் மதியார், பெற்ற தாயும் முகம் சுளிப்பாள், ஊரார் எள்ளி நகைப்பர் என்று விளைவுகளே அடுக்கப்படுகின்றன. இரண்டாம் குறள், சான்றோரின் மதிப்பை வேண்டாதவர் உண்பதாயின் உண்க என்னும் பொருளில் அமைகின்றது. இதில் இகழ்ச்சி உண்டு. ஆயினும் தெரிவு உண்பவனிடமே விடப்பட்டுள்ளது.

ஒன்பதாம் குறளோ இதனின் வேறுபட்டது. கள்ளுண்டு களித்தவனைக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவதை ஒக்கும் என்கின்றது அக்குறள். தெரிவு செய்யும் ஆற்றலையே இழந்துவிட்டவன் இங்குக் காட்டப்படுகின்றான். இரண்டாம் குறள் இன்னும் தெரிவுசெய்ய வல்லவனை நோக்கியது. ஒன்பதாம் குறள் அவ்வாற்றலை இழந்தவனைப் பற்றியது. களித்திருக்கும் வேளையைக் கூறும் இக்குறளை நீடித்த அடிமைநிலைக்கும் விரித்துப் பொருள் கொள்ளலாம். தனிமனித உரிமை பேசுவோர் முதல் நிலையையும், தடை பேசுவோர் இரண்டாம் நிலையையும் மட்டுமே காண்கின்றனர் எனலாம். இரு நிலைகளுள் எதிலும் தண்டனை பயன்தரும் கருவியாகச் சுட்டப்படவில்லை என்பது எண்ணத்தக்கது.

தனிமனித உரிமையின் எல்லை

பிறர்க்குத் தீங்கு நேராதவரை ஒருவனுடைய செயலில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கையை ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' என்னும் நூலில் நிறுவினார். சட்டஏற்பை வேண்டுவோர் பெரிதும் சார்ந்து நிற்பது இக்கொள்கையையே. ஆனால் அந்நூலிலேயே இரு வரம்புகள் உள்ளன. ஒருவன் தன்னைத்தானே அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமையைச் சுதந்திரத்தின் பெயரால் கோர முடியாது என்பது ஒன்று. மதுவிற்போர்க்கு மிகைக்குடியை வளர்ப்பதில் ஆதாயம் இருத்தலால் அவர்கள்மீது அரசு கட்டுப்பாடு விதிப்பது நியாயமே என்பது மற்றொன்று. மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாக மறுத்த மில், விற்போனின் ஆதாயத்தை ஒரு தீமையாகக் கண்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

உண்பவன் கோருவது தன் உடல்மீதான உரிமை. விற்பவன் கோருவது பிறர் உடலால் ஆதாயம் பெறும் உரிமை. முன்னதன் நியாயத்தைப் பின்னதற்கு மாற்றித்தருதல் தருக்கப் பிழையாகும்.

இந்தியச் சட்டத்தின் போக்கு

இந்தியாவில் இவ்வினா புதியதன்று. ஆங்கிலேய அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் 1893–94ஆம் ஆண்டுகளில் விரிவாக ஆய்ந்து, அளவான நுகர்வால் பெருந்தீங்கு இல்லை என்றும், முழுத்தடை வேண்டுவதில்லை என்றும், வரியும் உரிமமும் போதும் என்றும் முடிவுரைத்தது. அவ்வரசுக்கு வரி வருவாயில் நாட்டம் இருந்தது என்பதையும் உடன் கருதுதல் வேண்டும். விடுதலைக்குப்பின் அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, மருத்துவத் தேவைக்கன்றி மதுவும் உடல்நலத்தைக் கெடுக்கும் போதைப்பொருள்களும் நுகரப்படுவதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என நெறிப்படுத்தியது. 1961ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையின் தொடர்ச்சியாக 1985இல் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் இயற்றப்பட்டது.

இச்சட்டம் கஞ்சாச் செடியின் பூமுனைகளையும் பிசினையும் தடைசெய்கின்றது; பூமுனை சேராத இலையையும் விதையையும் விட்டுவிடுகின்றது. அதனால் இலையிலிருந்து செய்யப்படும் பாங்கு, உத்தரப்பிரதேசம், இராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகின்றது. ஒரே செடியின் ஒரு பகுதியை உண்பது வழக்கமாகவும் மற்றொரு பகுதியைப் புகைப்பது குற்றமாகவும் அமைகின்றன. இச்சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, ஹெராயின் போன்றவற்றை நுகர்தலே ஓராண்டு வரை சிறைக்கு உரியது. மருத்துவம் பெற முன்வரும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் 64அ பிரிவும் இதே சட்டத்தில் உண்டு. நோயாளியாகவும் குற்றவாளியாகவும் ஒருவனையே கருதும் முரண் சட்டத்தினுள்ளேயே உள்ளது.

இத்தடைக்கு வேறொரு விலையும் கொடுக்கப்பட்டது. கடும் உரிம விதிகளால் புற்றுநோயாளரின் வலிதணிக்கும் மார்ஃபின் மருத்துவமனைகளில் அரிதாயிற்று. மத்தியப்பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமத்துடன் அபின் விளைவிக்கும் ஒரு நாட்டில், வலியால் துடிப்பவனுக்கு அதன் பயன் எட்டவில்லை. 2014இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் இக்குறையைக் களைய முற்பட்டது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் தள்ளி மருந்தினை வைத்த நூலைப் பயிலும் நாம், போதையை அஞ்சி மருந்தை மறுத்ததன் கொடுமையை எளிதில் உணரலாம்.

அடிமைநிலை

சமூகநீதி அமைச்சகத்திற்காக அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் அறிக்கை 2019இல் வெளியாயிற்று. 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துவோர், 3.1 கோடிப் பேர் கஞ்சாவகைப் பொருள்களை நுகர்வோர், 2.26 கோடிப் பேர் அபின்வகைப் பொருள்களை நுகர்வோர் என அது கூறுகின்றது. பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் ஏற்றுள்ள பொருளே மிகுதியாக நுகரப்படுகின்றது. மதுவால் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்துள்ளோர் மட்டும் 5.7 கோடிப் பேர். வணிக ஏற்பால் நுகர்வு பெருகாது என்னும் கூற்றினை இவ்வெண்கள் ஐயத்திற்கு உள்ளாக்குகின்றன. அதே அறிக்கையில், பாங்கு உண்போர் மிகுதியாயினும் தீங்குறுவோர் விகிதம் கஞ்சா, சரஸ் நுகர்வோரிடையே கூடுதல் என்பதும் காணப்படுகின்றது. பொருளின் வீரியமும் நுகரும் முறையும் சட்டநிலையோடு சேர்த்து எண்ணப்பட வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

வணிகம் தடையின்றி இயங்கினால் நிகழ்வதற்கு அமெரிக்க நாட்டின் அண்மை வரலாறு சான்றாகும். 1996இல் ஆக்சிகான்டின் என்னும் வலிநீக்கி சந்தைக்கு வந்தது. அடிமைப்படுத்தும் அதன் இயல்பு குறைத்துக் காட்டப்பட்டு அது மருத்துவர்வழிப் பரப்பப்பட்டது. தவறான முறையில் சந்தைப்படுத்திய குற்றத்தைப் பர்டியூ குழும நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அம்மாத்திரைக்கு அடிமையானோர் பலர் பின்னர் ஹெராயினுக்கும், அதன்பின் கள்ளச்சந்தை ஃபென்டனிலுக்கும் சென்றனர். 2021இல் அந்நாட்டில் மிகைநுகர்வால் இறந்தோர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர். சட்டத்திற்குட்பட்ட வணிகப் பேராசை தொடங்கியதைச் சட்டத்திற்குப் புறம்பான வணிகம் தொடர்ந்தது.

குற்றம்

தடை குற்றத்தை வளர்க்கும் என்பதற்கு 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் நிலவிய மதுவிலக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது. கடத்தல் குழுக்கள் அக்காலத்தில் வலுப்பெற்றன. எனினும் தொடக்க ஆண்டுகளில் குடியும் ஈரல்நோய் இறப்பும் குறைந்தன. ஆகவே தடை, ஒரு தீமையைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டியது என்பதே பொருந்தும்.

இந்தியாவிலும் விடை நேர்கோட்டில் அமையவில்லை. 2016 முதல் மதுவிலக்கு நிலவும் பீகாரில், 2022 டிசம்பரில் சரண் மாவட்டத்தில் நச்சுச்சாராயம் பலரைக் கொன்றது. அரசே மதுவிற்கும் தமிழ்நாட்டில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடைவிலைக்கு மதுவை வாங்க இயலாத உழைப்பாளிகளே பெரும்பாலும் நச்சுச்சாராயத்திற்கு இரையாகின்றனர். தடை கள்ளச்சந்தையைத் தோற்றுவிக்கலாம். சட்டஏற்பு அதனைத் தானாக அழித்துவிடுவதில்லை.

குற்றநீக்கத்தின் இரு சான்றுகள்

போர்ச்சுகல் நாடு 2001 ஜூலையில், பத்து நாள் நுகர்வுக்குரிய அளவுவரை வைத்திருப்பதைக் குற்றவியலிலிருந்து நீக்கியது. அவ்வாறு பிடிபடுவோர் சட்டம், மருத்துவம், சமூகப்பணி சார்ந்தோர் அடங்கிய குழுவின்முன் அனுப்பப்படுகின்றனர். விற்பனை அங்கு இன்றும் குற்றமே. உடன் மருத்துவ வசதிகள் விரிவாக்கப்பட்டன. ஊசிவழி நுகர்வோரிடையே எச்.ஐ.வி. புதுத்தொற்று பெரிதும் குறைந்தது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலமும் 2020ஆம் ஆண்டு வாக்கெடுப்பின்படி 2021 பிப்ரவரி முதல் இதனைச் செய்தது. ஆனால் மருத்துவத்திற்கான நிதி காலந்தாழ்ந்தே சென்றடைந்தது. அபராதத்திற்கு மாற்றாக உதவித் தொலைபேசியை அழைக்கலாம் என்றனர். அழைத்தோர் மிகச் சிலரே. ஃபென்டனில் பரவியதும் அதே காலத்தில்தான். 2024 செப்டம்பர் முதல் அம்மாநிலம் மீண்டும் நுகர்வைக் குற்றமாக்கிற்று. தண்டனையை நீக்கிவிட்டு அவ்விடத்தில் கரையேற்றும் கையை வைக்காவிடில், நீருள் மூழ்கியவன் மூழ்கியவாறே கிடப்பான் என்பதை இவ்விரு சான்றுகளும் உணர்த்துகின்றன.

ஒரு தடையுரை

உண்பது குற்றமன்று, விற்பது குற்றம் எனின் உண்பவன் எங்கே வாங்குவான் என்று வினவலாம். இவ்வினா வலுவுடையது. கள்ளச்சந்தை எஞ்சும் என்பதையும், கலப்படத்தின் இடர் நீங்காது என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். வீரியம் குறைந்த பொருள்களுக்கு அரசின் கட்டுப்பாட்டில் விளம்பரமற்ற வழங்கல் ஒரு வழியாகலாம். உருகுவே 2013இல் கஞ்சாவிற்கு இத்தகைய சட்டத்தையே இயற்றியது. ஆனால் அரசே வணிகனாகும்போது எழும் சிக்கலைத் தமிழ்நாடு நன்கறியும். 2003இல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் தனியுரிமையானது. ஆட்சிகள் மாறினும் அவ்வருவாய்ச் சார்பு மாறவில்லை. மில் விற்போனிடம் கண்ட தீமை அரசு விற்பதால் நீங்கிவிடாது. எனவே வழங்கல் நிகழுமாயின், அவ்வருவாய் மருத்துவத்திற்கன்றி வேறெதற்கும் பயன்படாதவாறு சட்டம் வரம்பிடுதல் வேண்டும்.

முடிவுரை

குற்றத்தை ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாவண்ணம் அதற்கேற்ற அளவில் ஒறுப்பதே அரசின் கடன் என்பது வெருவந்தசெய்யாமை அதிகாரத்தின் முதற்குறள் கருத்து. இதனை அளவுகோலாகக் கொண்டால், தனக்கே தீங்கிழைத்துக் கொண்டவனைச் சிறையிலிடுவது குற்றம் மீண்டும் நிகழாமல் தடுப்பதுமில்லை. செயலுக்கு ஒத்ததாகவும் அமைவதில்லை. காவலரை அஞ்சும் அடிமை மருத்துவரிடமும் செல்லத் தயங்குவான். 2019ஆம் ஆண்டு அறிக்கையின்படி மதுவிற்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் மருத்துவம் பெறுகின்றார். தடைசெய்யப்படாத பொருளுக்கே நிலை இதுவாயின், தடைசெய்யப்பட்ட பொருளை நுகர்வோன் சிறைக்கு அஞ்சி மறைந்து வாழ்தல் வியப்பன்று.

ஆகவே உண்போனைக் குற்றத்தினின்று விடுவித்தல் அறத்தின்பாற்படும். விற்போனைக் கட்டினின்று விடுவித்தல் அதன்பாற்படாது. முன்னதைச் செய்ய மருத்துவமனைகளும் பணியாளர்களும் நிதியும் முன்னரே அமைதல் வேண்டும். அவை அமையாதவிடத்துக் குற்றநீக்கம் அருள்போலத் தோன்றும் புறக்கணிப்பாகவே முடியும்.