கோட்டையும் குடியும்

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், கடலோரப் பாறைமீது நிற்கிறது டன்வேகன் கோட்டை. 800 ஆண்டுகளாக அது மக்லவுட் குலத்தலைவர்தம் இல்லம். உலகெங்கும் சிதறிய குலத்தவர் அங்கே ஒன்றுகூடுங்கால், தாய்வீடு எனவே அதனைப் போற்றுகின்றனர். ‘கிளான்’ என்னும் குலப்பெயர்க்குக் கேலிக் மொழியில் ‘பிள்ளைகள்’ என்பது பொருள். குடிகள் பிள்ளைகளாயின், தலைவன் தந்தையாவான். அவன் முதற்கடன் யாது? கோட்டையைக் காப்பதா, குடியைக் காப்பதா?

1840களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றது, பஞ்சம் பரவியது. நிலக்கிழார் பலர் ஆட்டு மந்தைகளுக்காகக் குடிகளை வெளியேற்றிய காலம் அது. 25ஆம் குலத்தலைவர் நார்மன் மக்லவுட்டோ பசித்தோர்க்கு உணவளித்தே பொருளிழந்தார். கோட்டையை விட்டகன்று லண்டனில் எழுத்தராகப் பணியேற்றார்.

2000ஆம் ஆண்டில், அவர் வழிவந்த தலைவர் கோட்டையின் கூரையைச் செப்பனிடப் பொருள் வேண்டி, குயிலின் மலைகளை ஒரு கோடிப் பவுனுக்கு விற்க முன்வந்தார். மலை ஒருவர்க்கு உரியதாகுமோ எனப் பலர் வெகுண்டனர், விற்பனை நிகழவில்லை.

கூரையும் வேண்டுவதே, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், முன்னோர் விட்டுச் சென்ற பொருளை ஏற்பவர், அவர்கள் விட்டுச் சென்ற கடனையும் ஏற்றாக வேண்டும். கோட்டையை விட்டகன்ற நார்மனே அதன் மானத்தைக் காத்தவர் என்பது நமது துணிபு.