இரு பொறுப்பு, ஒரு மனம்

1999இல் பிரையன் பெலண்டார்ஃப், மென்பொருளைப் பொதுச்சொத்தாக உருவாக்கிக் காக்கும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் முதல் தலைவரானார். அதே ஆண்டில் கொலாப்நெட் என்ற நிறுவனத்தையும் டிம் ஓரெய்லியோடு சேர்ந்து தொடங்கினார். லாபம் தேடுகிறவர் பொதுச்சொத்தைக் காக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் மனத்தூய்மை மட்டும் அதற்குப் போதாது. பலனில் பற்றின்றிச் செயல்படச் சொல்கிறது கீதை. பற்று விட்டதா என்பதை வெளியிலிருந்து யார் அளப்பது? அப்பாச்சி அதை அளக்க முயலவில்லை. அங்கே உறுப்பினராவது தனிமனிதர்தான், நிறுவனமல்ல. நிரல் மாற்றம் ஒன்றுக்கு வாக்குரிமையுள்ள ஒருவர் தொழில்நுட்பக் காரணம் காட்டி ‘மைனஸ் ஒன்று’ என்று எழுதினால், கொண்டுவந்தவர் தலைவரே ஆனாலும் அது நின்றுவிடும்.

சம்பளம் தருபவர் சொல்லைத்தானே தனிமனிதரும் கேட்பார் என்பது நியாயமான ஐயம். விதி அதை முழுதும் தீர்க்காது. ஆனால் தொழில் நடத்தாதவரே தலைமை ஏற்கலாம் என்றால், பிழைப்புக் கவலை இல்லாத வசதி படைத்தோரிடமே பொதுச்சொத்து தங்கிவிடும். தொழிலும் பொதுநலமும் சேர்ந்து நடக்கலாம் என்பதற்குச் சான்றும் உண்டு: கொலாப்நெட் 2000இல் தொடங்கிய, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் சப்வெர்ஷன் என்ற மென்பொருள், 2010இல் அப்பாச்சியின் திட்டமாகிப் பொது நிர்வாகத்துக்கு வந்தது.