அறுபத்தோராவது சீட்டு

மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டில் ஒரு விதி இருக்கிறது. போட்டிக்குக் கொண்டுவரும் கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருக்க வேண்டும். அதிகபட்சம் எத்தனை என்று யாரும் வரையறுக்கவில்லை. பிறர் உதவியில்லாமல் கையால் கலைக்க முடிந்தால் போதும். 61 வைக்கலாம், 75 வைக்கலாம், நடுவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனாலும் பரிசுக்காக ஆடுகிறவர்களின் கட்டுகளை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக 60 இருக்கும். யாரும் கையைப் பிடிக்காத இடத்தில் இத்தனை பேர் தங்களைத் தாங்களே நிறுத்திக்கொள்வது எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருந்திருக்கிறது.

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரம்மியில் மேசையில் எல்லாருக்கும் பொதுவான கட்டு. கைக்கு வந்ததை வைத்து ஒப்பேற்றுகிறோம். இங்கே ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே வீட்டில் அமைத்துக்கொண்டு வருகிறார்கள். இதுவரை அச்சான இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு சீட்டுகளில் அந்தப் போட்டி அனுமதிப்பவற்றிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம். பூதங்கள், வீரர்கள், மின்னல் மந்திரங்கள், சாபங்கள் என்று எல்லாம் உண்டு. எதிராளியிடம் 20 உயிர்ப் புள்ளிகள். அதைப் பூஜ்யமாக்கினால் வெற்றி.

1993-இல் இதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய முதல் விதிகளில் கட்டுக்கு 40 சீட்டு போதும். ஒரே சீட்டை எத்தனை பிரதி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நண்பர்கள் ஆளுக்குச் சில பொட்டலங்கள் வாங்குவார்கள், அரிய சீட்டு அரியதாகவே இருந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆசைக்கு அளவில்லை என்பதை அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை. ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். பலம் மிக்க சீட்டை மட்டும் அடுக்கி எதிராளிக்கு ஒரு வாய்ப்பும் தராமல் முடித்தார்கள். 1994-இல் போட்டி விதிகள் வந்தன: 60 சீட்டு, எதுவானாலும் நான்கு பிரதிக்கு மேல் கூடாது, அடிப்படை லேண்டுகளுக்கு மட்டும் விலக்கு. கட்டு அமைப்பது என்ற கலை அன்றுதான் பிறந்தது என்று நினைக்கிறேன். உலகிலேயே சிறந்த சீட்டு உங்களிடம் இருக்கலாம். அதன் நான்கு பிரதிகள் போக மீதி 56 இடங்களை அதைவிடக் குறைந்தவற்றால்தான் நிரப்ப வேண்டும்.

அந்த 56-இல் பெரிய பங்கை விழுங்குவது லேண்ட், அதாவது நிலச் சீட்டு. சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என்று ஐந்து அடிப்படை நிலங்கள். ஐந்திணையை மனப்பாடம் செய்து வளர்ந்த நமக்கு இந்த இடத்தில் ஒரு சிறு சந்தோஷம். சீட்டைப் பொறுத்தவரை அது வெறும் தற்செயல்தான். ஒரு சுற்றுக்கு ஒரு லேண்ட் மேசையில் இறக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுற்றிலும் தன் நிறத்துக்குரிய ஒரு மானா, அதாவது மந்திர ஆற்றல், தரும். மானா இல்லாமல் எந்தப் பூதமும் எழுந்து வராது. கல்யாணப் பந்தியில் வெறும் சோற்றை யாரும் புகழ்வதில்லை. அது இல்லாமல் மற்றதெல்லாம் இலையில் என்ன செய்யும்? புதிதாகக் கட்டு அமைக்கும் எவருக்கும் இது உறைப்பதில்லை. 24 லேண்ட் என்று பட்டியலில் பார்த்ததும், இதில் நான்கை எடுத்துவிட்டு எனக்குப் பிடித்த டிராகனைப் போட்டால் என்ன என்றுதான் கை போகும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 60-இல் 24 லேண்ட் இருந்தால், முதலில் எடுக்கும் ஏழு சீட்டில் ஒன்றோ அல்லது ஒன்றுகூட இல்லாமலோ வருவது ஏறத்தாழ ஏழு ஆட்டத்துக்கு ஒருமுறை. 20 ஆகக் குறைத்தால் அது நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை ஆகிவிடும். டிராகன் கையில் இருக்கும், அதைக் கூப்பிட வழியிருக்காது. நெதர்லாந்துக்காரரான ஃபிராங்க் கார்ஸ்டன் போன்றவர்கள் லட்சக்கணக்கான கற்பனை ஆட்டங்களைக் கணினியில் ஓடவிட்டு, எந்த வகைக் கட்டுக்கு எத்தனை லேண்ட் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் படித்த பிறகும் ஒன்றைக் குறைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மனிதர்களுக்குச் சராசரியின் மேல் நம்பிக்கை வருவதில்லை. அவர்கள் நினைவில் நிற்பது லேண்டாகவே வந்து குவிந்து தோற்ற அந்த ஒரு ஆட்டம்.

சரி, அறுபத்தோராவது சீட்டுக்கு வருகிறேன். நான்கு பிரதி வைத்திருக்கும் ஒரு சீட்டு முதல் ஏழில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு 60 சீட்டுக் கட்டில் 39.9 சதவீதம். 61 ஆக்கினால் 39.4. அரை சதவீதம்! இதற்கா இவ்வளவு கெடுபிடி என்று தோன்றும். எனக்கும் அந்த எண் பெரிதாகப் படவில்லை. விஷயம் எண்ணில் இல்லை, அந்தச் சீட்டு உள்ளே வந்த வழியில் இருக்கிறது. அறுபதில் மிகவும் பலவீனமானது எது என்று கேட்டு, அதை எடுத்துவிட்டு இதைப் போட முடிந்தால் 60 நிற்கும். முடியாதபோதுதான் 61 ஆகிறது. ஒன்றை விட மனமில்லாமல், இன்னொன்றையும் விட மனமில்லாமல், இரண்டையும் வைத்துக்கொள்கிறோம். அப்படி வைத்துக்கொண்டதற்கான விலையை மற்ற அறுபதும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கின்றன. 2020-இல் யோரியன் என்றொரு சீட்டு வந்தது. கூடுதலாக 20 சீட்டு வைப்பவர்களுக்கு ஆட்டம் முழுக்கத் துணையாக நிற்கும். உடனே ஜாம்பவான்களே 80 சீட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். ஆக, அறுபதின் மேல் யாருக்கும் பக்தி ஒன்றும் கிடையாது. கூலி கிடைத்தால் கூட்டிக்கொள்வார்கள். கூலியில்லாமல் கூட்ட மாட்டார்கள்.

இந்த விளையாட்டின் பழைய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1996-இல் அட்லாண்டாவில் நடந்தது. ஜே ஷ்னைடர் என்பவரின் யோசனையில் அமைந்த ஒரு சிவப்புக் கட்டை எடுத்துக்கொண்டு பால் ஸ்லை ஒரு தகுதிப் போட்டிக்குப் போனார். அதில் அயர்ன்க்ளா ஆர்க்ஸ் என்ற சீட்டு இருந்தது. இரண்டு மானா கொடுத்தால் வருகிற ஒரு சாதாரணப் படை. அதிலும் ஒரு குறை: இரண்டோ அதற்கு மேலோ பலமுள்ள எதையும் எதிர்த்துத் தடுக்காது, பயந்து ஒதுங்கிவிடும். சேகரிப்பவர்கள் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த சீட்டு. ஸ்லையின் கட்டில் இப்படிப்பட்டவை நிறைய. பார்த்தவர்கள் சிரிக்க நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கட்டு ஜெயித்துக்கொண்டே போனது. பிறகு அந்த வகைக் கட்டுக்கே ஸ்லை என்று பெயர் நிலைத்தது.

காரணம் ஒரு சின்ன விதி. இந்தச் சுற்றில் செலவழிக்காத மானா அடுத்த சுற்றுக்கு வராது. சேமிப்பு கிடையாது, விட்டது போனதுதான். ஷ்னைடர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு மானா சீட்டு இத்தனை, இரண்டு மானா இத்தனை, மூன்று இத்தனை என்று படிப்படியாக அடுக்கி, ஒவ்வொரு சுற்றிலும் கையிலிருக்கும் மானா முழுவதும் வேலை செய்யும்படி அமைத்தார். எதிராளியின் கையில் ஆறு மானா டிராகன் அழகாகக் காத்திருக்கும்போது இங்கே இரண்டாவது சுற்றிலேயே ஆர்க் இறங்கி, மூன்றாவதில் அடிக்கத் தொடங்கிவிடும். அந்தச் சீட்டைத் தனியாக எடுத்துப் பார்த்து மதிப்பிட்டவர்கள் தப்பாக மதிப்பிடவில்லை. அது உண்மையிலேயே மோசமான சீட்டுதான். இரண்டாவது சுற்றில், இரண்டு மானா சும்மா கிடக்கிற நேரத்தில், அதற்கு ஈடு வேறில்லை. எந்த நேரத்தில் எதன் பக்கத்தில் என்று சொல்லாமல் ஒரு சீட்டின் தரத்தைச் சொல்லவே முடியாது என்பது அன்று மேசை மேசையாக நிரூபணமானது.

அதே 1996-இன் கோடையை இந்த ஆட்டக்காரர்கள் கறுப்புக் கோடை என்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான நெக்ரோபோட்டன்ஸ் என்ற சீட்டு போட்டிகளை ஆட்டிப்படைத்த காலம். அது வந்த புதிதில் பலர் குப்பை என்றார்கள். இதை இறக்கினால் சுற்றுக்கு ஒரு சீட்டு எடுக்கும் உரிமை போய்விடும். வேண்டுமென்றால் ஒரு சீட்டுக்கு ஒரு உயிர்ப் புள்ளி கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். உயிரைக் கொடுத்துச் சீட்டு வாங்குவதா என்று பதறுவது இயல்புதான். கொஞ்சம் யோசித்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். 20 புள்ளியோடு இருப்பவனும் உயிரோடு இருக்கிறான், 1 புள்ளியோடு இருப்பவனும் உயிரோடுதான் இருக்கிறான். கடைசிப் புள்ளி மட்டும்தான் உயிர். மற்ற 19-உம் செலவுக்கு. அதைக் கட்டிக் காப்பதில் பெருமை ஒன்றுமில்லை என்று புரிந்தவர்கள் ஒரே சுற்றில் ஐந்தாறு சீட்டுகளை வாங்கிக்கொண்டு எதிராளியைத் திணறடித்தார்கள்.

இவ்வளவும் கட்டுக்குள் நடப்பது. கட்டுக்கு வெளியே ஓர் அரங்கம் இருக்கிறது. அங்கே மற்றவர்கள் என்ன கொண்டுவருவார்கள் என்பதை மெட்டா என்பார்கள். இப்போது ஜெயித்த கட்டுகளின் பட்டியல் எல்லாம் எளிதாகக் கிடைக்கிறது. அறுபது பெயரையும் அப்படியே பிரதியெடுத்துவிடலாம். அதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இசை கற்பவர் முதலில் குருவின் வழியில்தானே பாடுகிறார்? ஆனால் அந்தப் பட்டியல் போன வாரத்து அரங்கத்துக்குச் சொன்ன பதில். இந்த வாரம் கேள்வி மாறியிருக்கலாம்.

டிரெட்ஜ் என்ற கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கையிலிருந்து ஆடுவார்கள். இது செத்த சீட்டுகள் குவியும் கல்லறைக் குவியலிலிருந்து ஆடும். சாதாரணக் கட்டுகள் இதன் முன் அநேகமாக நிற்க முடியாது. இதற்கு மருந்தாக லேலைன் ஆஃப் தி வாய்ட் என்றொரு சீட்டு உண்டு. முதல் ஏழில் அது இருந்துவிட்டால், ஆட்டம் தொடங்கும் முன்பே செலவில்லாமல் மேசைக்கு வந்துவிடும். எதிராளியின் கல்லறைக்கு ஒன்றும் போய்ச் சேராது. டிரெட்ஜின் கதை முடிந்தது. மற்ற பெரும்பாலான எதிராளிகளுக்கு எதிராக அந்த லேலைன் வெறும் அட்டை. முதல் ஆட்டம் முடிந்ததும் மாற்றிக்கொள்வதற்காகக் கட்டோடு 15 சீட்டுகள் தனியே வைத்துக்கொள்ளலாம், சைட்போர்டு என்பார்கள். அந்தப் பதினைந்தில் நான்கு இடத்தை லேலைனுக்குக் கொடுப்பதா? எல்லாரும் கொடுத்தால் டிரெட்ஜ் ஆடுபவர்கள் அந்தக் கட்டை மூட்டைகட்டி வைப்பார்கள். வைத்த பிறகு, வராத எதிரிக்கு ஏன் நான்கு இடம் என்று ஒவ்வொருவராக லேலைனை எடுப்பார்கள். எடுத்த வாரம் டிரெட்ஜ் திரும்பி வரும்.

எல்லாரையும் அடிக்கும் கட்டு எப்போதாவது தோன்றுவதுண்டு. தோன்றினால் அதன் முக்கியச் சீட்டைத் தடை செய்துவிடுவார்கள். 2004-இல் ஸ்கல்கிளாம்ப் வெளியான சில மாதங்களிலேயே அப்படிப் போனது. மற்ற நாட்களில், போட்டிக்கு லாயக்கான ஒவ்வொரு கட்டுக்கும் அதைச் சுலபமாக வீழ்த்தும் கட்டு ஒன்றாவது இருக்கும். இதை ஏற்றுக்கொள்ள ஆட்டக்காரர்களுக்கு வருஷங்கள் ஆகின்றன. முதலில் ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு பதில் வைக்கப் பார்க்கிறோம். டிரெட்ஜுக்கு இரண்டு, வேகமான சிவப்புக் கட்டுக்கு இரண்டு, தடுத்துக்கொண்டே இருக்கும் நீலத்துக்கு இரண்டு. அப்படி அமைத்த கட்டு யாருக்கும் முழுமையாக இரையாவதில்லை. யாரையும் முழுமையாக வீழ்த்துவதுமில்லை. எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கும். தேர்ந்தவர்கள் பேசுவதைக் கேட்டால் தொனியே வேறாக இருக்கும். இன்றைக்கு டிரெட்ஜ் வந்தால் நான் காலி, பரவாயில்லை என்பார்கள். கட்டு அமைப்பதென்பது யாரிடம் தோற்கலாம் என்று சம்மதிப்பதுதான் என்பதை அவர்கள் விரக்தியில்லாமல் சொல்வார்கள். லேண்டுக்கு இடம் விட்டு டிராகனை இழந்ததும், அழகில்லாத ஆர்க்கை ஏற்றதும், 19 புள்ளி உயிரைச் செலவுக்கு எழுதியதும் இதே சம்மதத்தின் சின்னச் சின்னக் கையெழுத்துகள். அறுபத்தோராவது சீட்டைச் செருகுகிறவர் அந்தக் கையெழுத்தைத் தள்ளிப்போடுகிறார்.

1999-இல் மைக் ஃப்ளோரஸ் எழுதிய ஒரு கட்டுரையை இந்த ஆட்டக்காரர்கள் இன்றும் படிக்கச் சொல்வார்கள். ஏறத்தாழ ஒரே மாதிரியான இரண்டு கட்டுகள் மோதும்போதுகூட ஒருவர் தாக்குபவராகவும் மற்றவர் தாங்குபவராகவும் இருக்க வேண்டும். தன் பாத்திரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவர் தோற்பார் என்பது அதன் சாரம். பாத்திரம் கட்டில் எழுதியிருப்பதில்லை, எதிரே உட்கார்ந்தவரைப் பொறுத்தது. வீட்டில் எடுத்த முடிவுகள் அத்தனையையும் மேசையில் இன்னொருமுறை எடுக்க வேண்டியிருக்கிறது.

பெரிய போட்டிகளில் ஆட்டங்கள் தொடங்கும் முன் கட்டின் பட்டியலை எழுதி ஒப்படைத்துவிட வேண்டும். அதன்பின் ஒரு பெயரையும் மாற்ற முடியாது. சைட்போர்டு போக மிச்சமிருக்கும் ஒரே சலுகை மல்லிகன். 2019-இலிருந்து உள்ள முறைப்படி, வந்த ஏழு பிடிக்கவில்லை என்றால் உள்ளே போட்டுக் கலைத்து மறுபடி ஏழு எடுக்கலாம்; அதில் ஒன்றைக் கட்டின் அடியில் வைத்துவிட்டு ஆறோடு ஆட வேண்டும். எதிரே டிரெட்ஜ், இரண்டாவது ஆட்டம், லேலைன் நான்கும் கட்டுக்குள் வந்தாயிற்று. கையில் மூன்று லேண்ட், வரிசையாக இறக்க நான்கு நல்ல சீட்டு. லேலைன் மட்டும் இல்லை. எதிரே வேறு யாராக இருந்தாலும் யோசிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டிய கை. இதை வைத்துக்கொண்டால் எந்தச் சுற்றில் எப்படித் தோற்போம் என்பதுவரை தெரியும். தேர்ந்தவர் அதைத் திருப்பிப் போடுகிறார். புதிய ஏழிலும் லேலைன் வர 40 சதவீதம்தான் வாய்ப்பு என்பது அவருக்குத் தெரியாததல்ல.