நிறுத்தி வைத்த நியாயம்

மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருந்த தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். தம் பாகத்து வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பங்காளியின் மேல் சிவில் கோர்ட்டில் வழக்காடி டிக்கிரி வாங்கியவர். அமீனா வந்து வீட்டை ஒப்படைக்க வேண்டிய அன்று, விடிவதற்குள் குளித்துவிட்டுத் திண்ணையில் காத்திருந்தார். வந்தது அமீனா அல்ல, வக்கீலின் குமாஸ்தா.

"ஸ்டே வாங்கிட்டாங்க, சார்."

"அப்போ, தீர்ப்பு தப்பா?"

"தீர்ப்பு அப்படியேதான் இருக்கு. இப்போ நிறைவேத்தக் கூடாது, அவ்வளவுதான்."

இது என்ன நியாயம் என்று பெரியவர் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்.

சட்டத்திடம் பதில் இருக்கிறது. நீதிபதியும் மனிதர், தவறலாம். அப்பீலில் தீர்ப்பு மாறினால், கைமாறிய வீட்டைத் திருப்பித் தர வழியுண்டு. அதற்குள் இடித்துவிட்ட வீட்டை யார் திருப்பித் தருவது? ஆகையால் தடை அவசியம்தான். ஆனால் அப்பீல் போட்டதனாலேயே அது கிடைத்துவிடாது. பெரும் நஷ்டம் வருமென்று காட்ட வேண்டும். காலம் கடத்தாமல் வந்திருக்க வேண்டும். ஜாமீன் கொடுக்க வேண்டும். 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம் இப்படிச் சொல்கிறது. தடை வாங்கிக்கொண்டு வீட்டில் நீடிப்பவர், தாமதத்தால் மற்றவருக்கு நேரும் நஷ்டத்துக்குத் தக்க தொகை கட்ட வேண்டுமென்று நிபந்தனை விதிக்கலாம் என்று 2004-இல் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது.

ஜெயித்தவரையும் சட்டம் மறக்கவில்லை. டிக்கிரியை நிறைவேற்றிக்கொள்ளக் கெடு 12 ஆண்டு. தடை இருந்த காலம் அதில் சேராது. தடை நீங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிக்கிரிக்கு வயசு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் சட்டத்தால், டிக்கிரி வாங்கியவருக்கு வயசு ஏறுவதைத் தடுக்க முடியவில்லை.

சேலத்துச் சொத்து ஒன்றுக்கு 1980-இல் கிரய ஒப்பந்தம் எழுதினார்கள். அதன் மேல் எழுந்த வழக்கில் டிக்கிரி கிடைத்தும், நிறைவேற்றத்துக்குத் தடங்கல் வந்து, 2025 மார்ச்சில்தான் சுப்ரீம் கோர்ட்டில் முடிவு கண்டது. வழக்கை அங்கே கொண்டுபோனவர்கள் வாரிசுகள். அதை ஒட்டி நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, முடியாமல் கிடந்த நிறைவேற்று மனுக்கள் 8,82,000-க்கும் மேல் இருந்தன. எல்லாம் தடையுத்தரவால் நின்றவை அல்ல. ஆனாலும் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு திண்ணை இருக்கிறது.

தவறான தீர்ப்புக்கு அஞ்சித் தடை கேட்பவர் உண்டு. தோல்வி நிச்சயம் என்று தெரிந்தே நாளைக் கடத்தக் கேட்பவரும் உண்டு. இரண்டு மனுவும் ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் கேட்பவரின் மனசுக்கு மட்டுமே தெரியும். பணத்துக்கு ஜாமீன் கொடுக்கலாம். பிறருடைய நாட்களுக்கு எதை ஜாமீனாகக் கொடுப்பது? மனுவில் கையெழுத்துப் போடுமுன் இதை ஒரு தரம் கேட்டுக்கொள்வது, எந்தச் சட்டமும் விதிக்காத கடமை என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியவர் வழக்கில் அப்பீல் தள்ளுபடியாயிற்று. தடை நீங்கி, அமீனா வந்தார். சாவியை வாங்கிக்கொண்டது பெரியவரின் மகன்.