இறைவன் கையில் ஏந்திய மான்



கோயிலில் சந்திரசேகரர் திருமேனியை நின்று கவனிச்சிருக்கீங்களா? மேல் வலக்கையில் மழு இருக்கும், மேல் இடக்கையில் துள்ளுகிற சின்ன மான் இருக்கும். தாருகாவனத்து முனிவர்கள் ஆணவத்தால் வேள்வி வளர்த்து, அதில் பிறந்த புலியையும் மானையும் சிவபெருமான் மேல் ஏவினார்கள் என்கிறது புராணம். புலியின் தோலை உரித்து உடுத்திக்கொண்டார். மானைக் கொல்லாமல் கையில் ஏந்திக்கொண்டார். தன் மேல் ஏவப்பட்டதற்கே அந்த இடம்! அந்தக் கைக்கு நாம தீபாராதனை காட்டுறோம். அந்தக் கையில் இருக்கும் உயிருக்கு என்ன செய்யறோம்?

ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் பிஷ்னோய் மக்கள் இருக்காங்க. விஷ்ணு பக்தர்கள். 1485-இல் குரு ஜாம்போஜி அவர்களுக்கு 29 நெறிகளைக் கொடுத்தார். அவங்க பேச்சில் ‘பீஸ்’ என்றால் இருபது, ‘நௌ’ என்றால் ஒன்பது, அதிலிருந்துதான் பிஷ்னோய் என்ற பெயர் என்பாங்க. உயிர்களிடம் இரக்கம், பச்சை மரத்தை வெட்டாமை இரண்டும் அந்த 29-இல் உண்டு. 1730-இல் கேஜர்லி கிராமத்தில் வன்னி மரங்களை வெட்ட அரசரின் ஆட்கள் வந்தபோது, மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர் விட்டவர்கள் 363 பேர்.

அந்த மண்ணின் மான்கள் சிங்காராவும் வெளிமானும். சிங்காரா பல நாள் தண்ணீர் குடிக்காமலேயே இலையின் ஈரத்தில் வாழ்ந்துவிடும். வெயில் அதைக் கொல்லவில்லை, துப்பாக்கிதான் கொன்றது. ராஜாக்கள் வேட்டை, வெள்ளைக்காரன் வேட்டை, பிறகு ஜீப்பில் விளக்கடித்து வேட்டை. பாகிஸ்தான் பக்கம் காட்டு வெளிமானே இல்லாமல் போச்சு. இந்தியாவில் 1972-இல்தான் வனவிலங்குச் சட்டம் வந்தது. ஆனா பிஷ்னோய் ஊர்களில் மந்தை மந்தையாக மான் நின்றது. விதைத்த கம்பை மேய்ந்தாலும் விரட்ட மாட்டாங்க. தாயில்லாத குட்டிக்குத் தன் பாலைக் கொடுத்த பெண்களும் உண்டு.

1998-இல் ஜோத்பூர் அருகே வெளிமானைச் சுட்டதாக ஒரு பிரபல நடிகர் மேல் வழக்கு வந்தது. சாட்சி சொன்னவங்க அந்தக் கிராமத்துப் பிஷ்னோய்கள். 2018-இல் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறை விதித்தது; அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். இருபது வருஷம்! நாம ஒரு வாரம் விரதம் இருந்தாலே மூணாம் நாள் பிரியாணி ஞாபகம் வருது.

‘இது பாலைவனத்துக் கதை அண்ணே, தெலுக் பங்லிமா காராங்கில் செம்பனையும் தொழிற்சாலையும்தானே’ என்பீங்க. நம்ம நாட்டுக் காட்டிலும் மான் இருக்கு, அதுதான் ரூசா. வேட்டையில் குறைந்துபோனதால் 2009-இல் தீபகற்பத்தில் ரூசா வேட்டைக்குத் தடை போட்டாங்க. ரூசாவைத் தின்று வாழ்கிற மலாயாப் புலி இப்போ 150-க்கும் குறைவு. பொறியியல் படிக்கிறவனுக்கு இது சுலபமான கணக்கு: அடியில் இருப்பதை எடுத்தால் மேலே இருப்பது நிற்காது.

இப்படி இருக்கும்போது, பண்டிகை நெருங்கினால் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருது: ‘ரூசா இறைச்சி இருக்கு, கிலோ எவ்வளவு வேணும்?’ கேட்டா பண்ணை மான் என்பாங்க. பண்ணை இருப்பது உண்மைதான். எந்தப் பண்ணை, பெர்ஹிலித்தான் உரிமம் இருக்கா என்று கேட்டுப் பாருங்க. பதில் வரலைன்னா வாங்காதீங்க, பெர்ஹிலித்தானுக்கும் தகவல் சொல்லுங்க.

விக்கிறவர் சொந்த மாமாவா இருந்தா? கோவிச்சுக்குவார்தான். கம்பங்கொல்லையை மானுக்கு விட்டவருக்கும் அந்த வருஷம் மகசூல் குறைஞ்சுதான் இருக்கும்.