ஆண்டியும் ராஜாவும்



பழனியில் முருகனுக்குக் காலையில் ஆண்டிக் கோலம். சாயரட்சையில் ராஜ அலங்காரம். கோலம் மாறினாலும் உள்ளே இருப்பவன் ஒருவனே. அதனால் அழகாக உடுத்துவது பாவம்னு நான் சொல்ல வரல.

பள்ளியில் சீருடை; எல்லாரும் ஒன்று. சுற்றுலா வந்தால்தான் யார் என்ன சப்பாத்து, என்ன சட்டைன்னு கண் அலையுது. பீடோரில் என் சமய வகுப்புக்கு வரும் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, பணம் கட்டியும் ஈப்போ பயணத்துக்குப் போகவில்லை. கேட்டேன். “போட்டுக்க நல்ல உடுப்பு இல்லைங்க ஐயா” என்றாள்.

ஆண்டியாய் நின்றவனைக் கும்பிடுகிறோம். பக்கத்தில் நிற்கும் ஏழைத் தோழியை உடுப்பை வைத்து அளக்கலாமா?

அடுத்த பயணத்துக்கு எல்லாரும் பேசிவைத்து, பள்ளி விளையாட்டுச் சட்டையையே போட்டுப் போங்களேன். ஒருத்தியும் வீட்டில் தங்கமாட்டாள். முருகனுக்கு அதைவிட என்ன அலங்காரம்?