சொந்த மைதானம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரிக் கடற்கரை, ஒரு சாயங்காலம். கரையேற்றிய ஃபைபர் படகுதான் ஒரு பக்க பவுண்டரி. கடலில் அடித்தால் அவுட், பந்தை எடுத்து வருவதும் அடித்தவன் பொறுப்பு. பெரிய அலை வரும்போதெல்லாம் கிரீஸ் கோடு கரைந்துபோகும். கீப்பர் பையன் ஸ்டம்பைப் பிடுங்கி ஓரடி மேலே நடுவான், குதிகாலால் புதுக் கோடு இழுப்பான். இருட்டுவதற்குள் மைதானம் ஐந்தாறு அடி ஊர்ப்பக்கம் நகர்ந்திருந்தது. அதை அவர்களில் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இரண்டு பேர் சாயம்போன மஞ்சள் சட்டை போட்டிருந்தார்கள், முதுகில் 7.

அந்தச் சட்டைக்குரிய அணியும் இப்படி இடம் மாறி இடம் மாறி ஆடியதுதான். 2008 ஜனவரியில் இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு ஐபிஎல் சென்னை அணியின் உரிமையை ஏலத்தில் எடுத்தபோது, அணி என்று சொல்ல ஒரு ஆள்கூட இல்லை. ஆனால் சேப்பாக்கம் மைதானம் இருந்தது. 1916-லிருந்து இருக்கிறது. 1934-ல் ஜார்டினின் இங்கிலாந்து அணி வந்து டெஸ்ட் ஆடிய இடம், 1952-ல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்ட இடம்.

சேப்பாக்கமும் ஆட்டத்தை ஒருமுறை பறிகொடுத்திருக்கிறது. 1950-களின் நடுவிலிருந்து பத்தாண்டு காலம் சென்னை டெஸ்ட்கள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் நடந்தன. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் 1956-ல் 413 ரன் சேர்த்தது அங்கேதான். தொடக்க ஜோடிக்கான அந்த உலக சாதனையை முறியடிக்க 52 ஆண்டு ஆயிற்று. இன்று அது நேரு ஸ்டேடியம். கால்பந்து பார்க்கப் போகிறவர்களிடம் மன்கட் என்று சொல்லிப் பாருங்கள்.

மஞ்சள் அணியின் கணக்கு இன்னும் விசித்திரம். வென்ற ஐபிஎல் கோப்பைகள் ஐந்து. 2010, 2018 இறுதி ஆட்டங்கள் மும்பைப் பக்கம், 2021 துபாய், 2023 அகமதாபாத். சொந்த மண்ணில் தூக்கியது 2011-ல் மட்டும். 2014-ல் சேப்பாக்கத்தில் ஒரு ஆட்டமும் இல்லை, 'சொந்த' ஆட்டங்கள் ராஞ்சிக்குப் போயின. ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகள், ஏறக்குறைய 12,000 இருக்கைகள், அனுமதிச் சிக்கலில் பல ஆண்டு பூட்டிக் கிடந்தன. டிவியில் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். பிறகு சூதாட்ட விவகாரத்தில் இரண்டு ஆண்டு தடை. 2018-ல் திரும்பி வந்து ஒரே ஒரு ஆட்டம். காவிரிக்காக வெளியே போராட்டம், உள்ளே செருப்பு பறந்தது. அணி புனேவுக்குப் பெட்டி கட்டியது. அதன் பின்னாலேயே சுமார் ஆயிரம் ரசிகர்கள் தனி ரயிலில் போனார்கள். காவிரி பெரிதா கிரிக்கெட் பெரிதா என்று அன்று கேட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் அந்த ரயில் மனதை விட்டுப் போகவில்லை.

அமெரிக்காவில் இதன் மறுபாதி நடந்தது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி 1957-ல் தன் எபட்ஸ் ஃபீல்டில் கடைசி ஆட்டத்தை முடித்துக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு நிரந்தரமாகக் குடிபோனது. 1960-ல் மைதானத்தை இடித்தார்கள். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. முதலாளி அணியைத்தான் கொண்டுபோக முடிந்தது. புரூக்ளின்காரர்களை மூட்டை கட்ட முடியவில்லை.

2020-ல் கொரோனா, ஐக்கிய அரபு அமீரகத்தில் வெற்று இருக்கைகளுக்கு முன் ஆட்டம். சென்னை முதல்முறையாக பிளே-ஆஃப் போகாத ஆண்டு அது. இதை வைத்துத் தத்துவம் பேச எனக்கும் ஆசைதான், ஆனால் அடுத்த ஆண்டே அதே பாலைவனத்தில் கோப்பை வந்துவிட்டது. கூட்டம் ஜெயிக்க வைக்கிறது என்றெல்லாம் சொல்ல முடியாது. கூட்டம் செய்வது வேறு வேலை.

1999 ஜனவரி 31, சேப்பாக்கம் டெஸ்ட். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. ஒரு நிமிடம் மயான அமைதி. அப்புறம் கேலரி எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அன்று மஞ்சள் அணியும் இல்லை, ஏலமும் இல்லை. தட்டிய கைகள் இருந்தன. ஒன்பது ஆண்டு கழித்து ஏலத்தில் விலைபோனது பெயரும் உரிமமும்தான், இந்தக் கைகள் பட்டியலில் இல்லை. புனே ரயிலில் போனது ரசிகர்கள் என்று நினைத்திருந்தேன். போனது மைதானம். அலை வந்தால் பிடுங்கி நடக்கூடிய மைதானம்.

2023 ஏப்ரலில் அணி சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. தோனி சந்தித்த முதல் இரண்டு பந்தும் சிக்ஸர். அதற்குப் பிறகு ஒரு பகல் ஆட்டம் முடிந்து செங்கல்பட்டு லோக்கலில் வந்துகொண்டிருந்தேன். பார்க் ஸ்டேஷனில் பெட்டி முழுக்க மஞ்சள். தாம்பரத்தில் பாதி இறங்கியது, கூடுவாஞ்சேரியில் கொஞ்சம், மறைமலைநகரில் கொஞ்சம். பரனூர் தாண்டியபோது நாலு பேர் மிச்சம். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே தூங்கிப்போன ஒரு பையன், அவனை மடியில் சாய்த்திருந்த அப்பா, எதிரில் இரண்டு கிழவர்கள். கொளவாய் ஏரி இருட்டில் வந்தது. பதினேழாவது ஓவரின் மூன்றாவது பந்து வைடா இல்லையா என்று கிழவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.